முத்துலட்சுமி ரெட்டியின் மூன்றரை வருடம்

வணக்கம் நேயர்களே. எம்.எல்.ஏ. என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி, பள்ளிக்கூட அட்மிஷனுக்குச் சிபாரிசுக் கடிதம், எரியாத தெருவிளக்கு, இப்படித்தானே. தப்பில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் பழைய சென்னை மாகாண சட்டசபை விஷயங்களை வாசிக்க ஆரம்பித்தேன். அது ஒரு பைத்தியம்தான், வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அதில் ஒருவரிடம் மாட்டிக்கொண்டேன், இன்னும் விடவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை வைத்து அவரை எல்லோருக்கும் தெரியும். நான் பேச வந்தது அவர் சட்டமன்றத்தில் இருந்த காலத்தை. 1926 டிசம்பரில் சென்னை மாகாண சட்டசபைக்கு அரசு அவரை நியமித்தது, 1930 மே மாதம் ராஜினாமா செய்துவிட்டார். மூன்றரை வருடம்கூட முழுதாக இல்லை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பிறந்தது புதுக்கோட்டையில், 1886. அப்பா மகாராஜா கல்லூரி முதல்வர், அம்மா தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கலாமா என்று ஊரே முணுமுணுத்தபோது மன்னர் அனுமதி கொடுத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். நல்ல பிராக்டீஸ் நடந்துகொண்டிருந்த டாக்டர் அவர். சட்டசபைக்கு வாருங்கள் என்று கேட்டபோது, வைத்தியம் கெட்டுப்போகுமே என்று முதலில் தயங்கியிருக்கிறார். வந்த சில வாரங்களிலேயே அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தே அப்போது ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. 1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய நின்று, கொஞ்ச ஓட்டில் தோற்றிருந்தார்.

நியமன உறுப்பினர்தானே, ஓட்டுக் கேட்டு அலையவேண்டாமே, அவருக்கு என்ன கஷ்டம் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கை தூக்கச் சொல்ல அவருக்குப் பின்னால் ஒரு கட்சியும் கிடையாது, அதை யோசியுங்கள். தீர்மானமோ மசோதாவோ, ஒவ்வொருவரிடமும் பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைக்கவேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னப் பெண்களுக்குக் கோயிலில் தாலி கட்டி, தெய்வத்துக்கென்று தேவதாசியாக விட்டுவிடுவதைப் பொட்டுக்கட்டுவது என்பார்கள், அந்த வழக்கத்தை நிறுத்தவேண்டும் என்று 1927-ல் அவையில் தீர்மானம் கொண்டுவந்தார், நிறைவேறியது. தீர்மானம் என்பது அரசுக்குச் சொல்லும் பரிந்துரை, அவ்வளவுதான், அதை வைத்து யாரையும் தடுக்க முடியாது. அடுத்து நேராகத் தடைச் சட்டம்தானே வரவேண்டும்? வந்தது வேறு. அந்த இடத்துக்காகத்தான் எனக்கு இந்த அம்மாள் மேல் இவ்வளவு மரியாதை.

கோயிலில் ஆடிப் பாடிச் சேவை செய்யும் குடும்பங்களுக்கு மானிய நிலம் விட்டிருந்தார்கள். சேவை இருக்கும்வரை நிலம். அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டாவிட்டால் நிலம் கையைவிட்டுப் போகும். அரசாங்க குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்களுக்கு இது உடனே புரியும். வேலை போனால் வீடும் போச்சு, மறுநாள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அப்படி இருக்கும்போது பொட்டுக்கட்டாதே என்று மட்டும் சட்டம் போட்டால், கட்டாவிட்டால் நிலம் போகும், கட்டினால் சட்டம் பிடிக்கும் என்று அந்தத் தாய் நடுவில் நிற்பாள். சட்டத்தை மீறத்தான் வழி தேடுவாள்.

அதனால் முத்துலட்சுமி முதலில் போனது நிலத்துக்கு. ஏற்கெனவே இருந்த இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம், 1929-ல் நிறைவேறியது. சேவை செய்தாகவேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து அந்த மானிய நிலங்களை விடுவிக்கும் திருத்தம் அது. நிலம் இருக்கும், பெண்ணைக் கொடுக்கவேண்டியதில்லை. மேடையில் பேசினால் கைதட்டு விழாத சமாச்சாரம், நிலம், மானியம், உட்பிரிவு என்று வறட்சியாக இருக்கும். திரும்பவும் சொல்கிறேன், முதலில் நிலம், அப்புறம்தான் தடை. நோயாளிக்கு என்ன வலி என்று கேட்டுவிட்டு மருந்து எழுதுகிற டாக்டர் புத்தி என்று எனக்குத் தோன்றும், நான் கொஞ்சம் மிகைப்படுத்துகிறேனோ என்னவோ.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. காங்கிரஸின் சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவரே எதிர்த்துப் பேசினார். சென்னையில் தேவதாசிகளும் சேர்ந்து அரசுக்கு மனு கொடுத்தார்கள், எங்கள் கலையும் சொத்தும் மானமும் என்ன ஆவது என்ற பயம் அவர்களுக்கு. இந்த மனுக்களைச் சும்மா ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நாட்டியமும் சங்கீதமும் அந்த வீடுகளில்தான் வளர்ந்தன, சீர்திருத்தப் பேச்சில் அந்தப் பெண்கள் வாங்கிக்கொண்ட ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் வயதுகூட வராத குழந்தை? அந்த இடத்தில் நான் முத்துலட்சுமி பக்கம்.

பொட்டுக்கட்டைத் தடுக்கும் மசோதாவையும் கொண்டுவந்தார். அது முடிவதற்குள் உப்புச் சத்தியாகிரகம் வந்தது, காந்தியைக் கைது செய்தார்கள், அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை விட்டு எழுந்து போய்விட்டார். மசோதா அப்படியே நின்றது. அவையில் உட்கார்ந்து முடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை உண்டு, பல தடவை யோசித்திருக்கிறேன், பதில் இல்லை. அவைக்கு வெளியே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். கடைசியில் தடைச் சட்டம் நிறைவேறியது 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில். பதினேழு வருடம் கழித்து! ஐந்து வருடத்தில் என்ன கிழித்தாய் என்று நாம் தொகுதியில் கேட்கிறோமே, இந்தக் கணக்கை எந்தத் தேர்தலில் வைத்துப் பார்ப்பது?

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலைக் காட்டுகிறார்கள். அவர் அவையில் கேட்ட குழந்தைகள் மருத்துவமனை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, இரண்டையும் விரிவாகச் சொல்வதாக இருந்தேன், நிலத்திலேயே நின்றுவிட்டேன். ராஜினாமா செய்த அதே 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கினார், எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாத தேவதாசிக் குலப் பெண்கள் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியதில் ஆரம்பித்த இல்லம் அது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறு மருத்துவமனையைத் திறக்கும்போது அவருக்கு வயது அறுபத்தேழு. அது இன்னொரு நாள் பேசவேண்டிய பேச்சு. நன்றி, வணக்கம்.