உயிருக்குப் பயந்து சுட்டேன் என்கிறார்கள்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய வழக்கறிஞர் சங்கச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் அரை மணி நேரம் அருமையாகப் பேசிய மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, உட்கார இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் சட்டக் கல்லூரி மாணவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நீதியரசர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் எனக்கு மனசு ஆறாது. இளம் வழக்கறிஞர் ஒருவர் வாதத்தின் நடுவே தடுமாறி நின்றால், “நிதானமாச் சொல்லுங்க, நீதிமன்றம் எங்கேயும் ஓடிப்போகாது” என்பார். அப்படி அவர் பொறுத்திருந்து கேட்ட இளையவர்களில் நானும் ஒருவன். உடம்பு முடியாத நிலையிலும் இன்று வந்திருக்கிறார். செயலாளர் அவர்கள் மூன்று முறை நேரில் வந்து அழைத்தார், அவருக்கும் நன்றி. மூத்த வழக்கறிஞர் ஐயா சட்டப் பிரிவுகளை ஒன்று விடாமல் சொல்லிவிட்டதால் என் சுமை பாதி குறைந்தது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, போராட்டக் களத்தில் துப்பாக்கியும் தற்காப்பு உரிமையும். மூன்று விஷயங்களைச் சொல்ல நினைத்திருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது, வழக்குகள் எப்படிப் போயின, ஊடகங்கள் இதில் என்ன செய்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஒரு பழமொழி இருக்கிறது. நான் எந்த மேடையிலும் அதை விடுவதில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

முதலில் சட்டம். உயிருக்கு ஆபத்து வந்தால் எதிர்த்து அடிக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் கொல்லவும் செய்யலாம் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட உரிமை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை வருகின்றன. எண்தான் மாறியது, உள்ளடக்கம் அதேதான். கூடவே ஒரு கடிவாளமும் இருக்கிறது: காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. தற்காப்பு என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டம். சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இது தலைகீழ். தற்காப்புக்கான அடிப்படையைக் குற்றம் சாட்டப்பட்டவர் காட்டிவிட்டால், அது தற்காப்பு அல்ல என்று சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

அந்த மாநிலத்தில் கெனோஷா என்ற ஊர். 2020 ஆகஸ்ட் 25 இரவு. கறுப்பினத்தவர் ஒருவரைப் போலீஸ் சுட்டதைக் கண்டித்துப் போராட்டம், கடைகளுக்குத் தீவைப்பு. பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த கைல் ரிட்டன்ஹவுஸ் என்ற 17 வயதுப் பையன் நீளத் துப்பாக்கியோடு தெருவில் நிற்கிறான். விடிவதற்குள் இரண்டு பேர் சாவு, ஒருவருக்குக் காயம். முதலில் இறந்தவர் கையில் ஆயுதம் கிடையாது. இரண்டாமவர் கையில் சறுக்குப் பலகை. மூன்றாமவர் கையில் கைத்துப்பாக்கி இருந்தது. குண்டு பாய்ந்த நேரத்தில் அது ரிட்டன்ஹவுஸ் பக்கம் நீண்டிருந்ததை அவரே சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். 2021 நவம்பர் 19 அன்று, எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் ரிட்டன்ஹவுஸ் விடுதலை.

அந்த விசாரணையில் எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. இறந்தவர்களைப் “பாதிக்கப்பட்டவர்” என்று அரசு வழக்கறிஞர் சொல்லக் கூடாது என்று நீதிபதி முன்கூட்டியே உத்தரவு போட்டார். ஆதாரம் இருந்தால் “கலவரக்காரர்”, “கொள்ளையர்” என்று எதிர்த்தரப்பு சொல்லிக்கொள்ளலாமாம். செத்தவருக்கு வாய் கிடையாது. அவரைக் குறிக்கும் சொல்லையும் எடுத்துவிட்டால் அவருக்காகப் பேச என்ன மிஞ்சும்? அந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பில்லை. ஆனாலும், ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பல கோணங்களில் எடுத்த வீடியோக்கள் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டப்பட்டன, குறுக்கு விசாரணை நடந்தது, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஜூரர்கள் 12 பேர் மூன்று நாளுக்கு மேல் உட்கார்ந்து யோசித்தார்கள். விசாரணை என்று ஒன்று நடந்தது.

அதே கோடைக்காலத்தில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் இன்னொரு சாவு. போராட்டக் கூட்டத்துக்குள் கார் திரும்புகிறது. காரை ஓட்டியவர் ராணுவச் சார்ஜென்ட். கூட்டத்தில் ஒருவர் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட துப்பாக்கியைத் தோளில் மாட்டியிருந்தார். கார்க்காரர் சுட்டுவிட்டார். துப்பாக்கியை என் பக்கம் தூக்கினார் என்றார். தூக்கவே இல்லை என்றார்கள் பார்த்தவர்கள். போலீஸிடம் அவர் சொன்னது, “என்னைக் குறிவைக்கும் வாய்ப்பை அவருக்குக் கொடுக்க விரும்பவில்லை” என்பது. 2023 ஏப்ரலில் கொலைக் குற்றவாளி என்று ஜூரர்கள் தீர்மானித்தார்கள். 25 ஆண்டு சிறை. 2024 மே 16 அன்று ஆளுநர் கிரெக் அபாட் மன்னிப்பு வழங்கினார். அன்றே அந்தக் கார்க்காரர் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். தீர விசாரித்த பிறகும் ஒரு கையெழுத்து எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்றால் இறந்தவர் வீட்டார் யாரிடம் போவார்கள்?

சரி, இவை தனிமனிதர் சுட்ட வழக்குகள். சீருடை போட்டவர் சுட்டால் விசாரணை பெரும்பாலும் நீதிமன்ற வாசலுக்கே வருவதில்லை. இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட அயர்லாந்தில் டெரி என்று ஒரு நகரம். 1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. விசாரணையின்றி ஆட்களைச் சிறையில் அடைப்பதை எதிர்த்து ஊர்வலம். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பிரிட்டிஷ் பாராசூட் படை உள்ளே இறங்கிச் சுட்டது. அன்றே 13 பேர் செத்தார்கள், இன்னொருவர் சில மாதம் கழித்து. குண்டடிபட்ட ஒருவர் தரையில் கிடந்து கத்துகிறார், தனியாகச் சாக விடாதீர்கள் என்று. சுவரோரம் ஒளிந்திருந்தவர்களில் ஒருவர், குழந்தைகளுக்குத் தகப்பன், கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். அதைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே இரண்டு எட்டு வைத்தார். தலையில் குண்டு. கைக்குட்டை கையில் இருக்கவே விழுந்தார்.

ராணுவம் என்ன சொன்னது? எங்களை முதலில் சுட்டார்கள், நாங்கள் தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம். இங்கிலாந்தின் தலைமை நீதிபதி விட்ஜரி பிரபு விசாரித்தார். பதினொரு வாரத்தில் அறிக்கை. சிலர் சுட்டது பொறுப்பில்லாத எல்லைக்குப் போனது என்று ஒரு வரி போட்டுவிட்டு, மற்றபடி படைவீரர் சொன்னதை ஏற்றுக்கொண்டார். தலைமை நீதிபதியே சொன்ன பிறகு யார் பேசுவது? செத்தவர்கள் துப்பாக்கிக்காரர்கள், குண்டு வைத்திருந்தவர்கள் என்ற பழி பிள்ளைகள் மேல் விழுந்தது. தாய்மார்கள் அதைச் சுமந்துகொண்டே செத்துப்போனார்கள்.

வீட்டார் விடவில்லை. இருபத்தாறு ஆண்டு கேட்டுக்கொண்டே இருந்து, 1998இல் புதிய விசாரணை வாங்கினார்கள். சாவில் (Saville) என்ற பெயருடைய நீதிபதிப் பிரபு அதற்குத் தலைமை. நேரில் சாட்சி சொன்னவர்கள் மட்டும் 900 பேருக்கு மேல். பன்னிரண்டு ஆண்டு நடந்து, சுமார் 5,000 பக்க அறிக்கை 2010 ஜூன் 15இல் வெளிவந்தது. அன்று டெரி நகர மண்டபத்துக்கு வெளியே சதுக்கம் நிறைய மக்கள். வீட்டார் மட்டும் உள்ளே போய் முன்கூட்டியே அறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. திடீரென்று மண்டபத்தின் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே ஒரு கை நீள்கிறது. கட்டைவிரல் மேலே! பிறகு இன்னொரு கை, இன்னொன்று. சதுக்கமே அதிர்ந்தது. சுடப்பட்ட யாரும் படைவீரர்களுக்கு எந்த ஆபத்தும் விளைவிக்கவில்லை என்று அறிக்கை சொன்னது. பெரிய திரையில் பிரதமர் டேவிட் கேமரூன், நடந்தது நியாயமில்லாதது, நியாயப்படுத்தவே முடியாதது என்று மன்னிப்புக் கேட்டார். மேடையேறிய உறவினர் ஒருவர் பழைய விட்ஜரி அறிக்கையை எல்லோர் முன்னாலும் கிழித்தார். முப்பத்தெட்டு ஆண்டு, ஐயா. தீர விசாரிக்க முப்பத்தெட்டு ஆண்டு.

ஏன் அவ்வளவு காலம்? நான் எந்த மேடையிலும் அடித்துச் சொல்லும் விஷயம் இதில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் ராணுவம் சுட்டால் படைவீரர்களின் வாக்குமூலத்தை உள்ளூர்ப் போலீஸ் எடுக்காது, ராணுவப் போலீஸே எடுக்கும் என்று ஓர் ஏற்பாடு. சுட்டவரை அவருடைய ஆட்களே விசாரித்து, அவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அதன் விலை என்ன தெரியுமா? 2025 அக்டோபரில், அன்று சுட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு முன்னாள் படைவீரர் மீதான கொலை வழக்கு தீர்ப்புக்கு வந்தது. விடுதலை. அந்த 1972ஆம் ஆண்டு வாக்குமூலங்கள்தான் முக்கிய ஆதாரம். எழுதிக் கொடுத்தவர்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. முதல் நாள் ஒழுங்காகச் செய்யாததை ஐம்பத்து மூன்று ஆண்டு கழித்து எந்த நீதிபதியாலும் சரிசெய்ய முடியவில்லை.

அமெரிக்காவில் கென்ட் பல்கலைக்கழகம், 1970 மே 4. தேசியப் பாதுகாவலர் படை 13 விநாடியில் 67 ரவுண்டு சுட்டது, நான்கு மாணவர் சாவு. உயிருக்குப் பயந்தோம் என்றார்கள். இறந்தவர்களில் மிக அருகே நின்றவரே ஏறத்தாழ 80 மீட்டர் தள்ளி நின்றார். எண்பது மீட்டர்! ஒரு வகுப்பறையின் நீளத்தைப் பத்து முறை நடந்து பாருங்கள்.

அப்புறம் நம் தூத்துக்குடி. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்பின் 100ஆவது நாள். 13 பேர் சாவு. கூட்டம் கட்டுமீறியது, வேறு வழியில்லாமல் சுட்டோம் என்றது காவல்துறை. நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது, அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைவிலிருந்து சுட்டதாக அந்த அறிக்கை சொல்கிறது. காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. பள்ளிப் படிப்பை முடித்த 17 வயதுப் பெண்ணுக்குப் பிடரியில் குண்டு. முதுகைக் காட்டி ஓடுகிறவரைப் பார்த்து யாருக்கு உயிர்ப்பயம் வரும்? ஆணைய அறிக்கை வெறும் பரிந்துரை. 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தில் அதற்குக் கட்டாயப்படுத்தும் பலம் கிடையாது.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்கவுன்ட்டர் சாவுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் பியுசிஎல், அதாவது மக்கள் சிவில் உரிமைக் கழகம், தொடுத்த வழக்கில் 16 வழிகாட்டுதல்கள் கொடுத்தது. முதல் தகவல் அறிக்கை போட வேண்டும். சிஐடியோ வேறு காவல் நிலையத்தாரோதான் புலனாய்வு செய்ய வேண்டும். சுட்ட ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும். போராட்டத்தில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இதையே, வழிகாட்டுதலாக விடாமல், சட்டமாக எழுதுங்கள் என்கிறோம். சேர்த்துக் கேட்பது இரண்டு. பரிசோதனை மேசைக்கு அருகில் இறந்தவர் வீட்டார் சொல்லும் மருத்துவர் ஒருவர் நிற்க வேண்டும். குண்டு முன்னால் பாய்ந்ததா பின்னால் பாய்ந்ததா, எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்ற இரண்டு விவரமும் முப்பது நாளில் மக்களுக்குத் தெரிய வேண்டும். கல்லெறிக்கு நடுவே உண்மையிலேயே உயிருக்குப் போராடிச் சுட்ட காவலருக்கும் இதுதான் பாதுகாப்பு. அவர் சொல்வது மெய் என்றால் தூரமும் காயமும் அவருக்குச் சாட்சி சொல்லும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தீர விசாரிப்பதே மெய்.

தலைவர் அவர்களிடமிருந்து சீட்டு வந்துவிட்டது. ஊடகங்களைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன், அதற்கு நேரமில்லை. அடுத்துப் பேசவிருக்கும் பேராசிரியர் அம்மா என்னைவிட நன்றாக அதைச் சொல்வார்கள். இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதிச் சட்டத்துறை அமைச்சருக்கு அனுப்பப்போகிறோம். கையெழுத்துப் படிவம் வாசலில் இடதுபக்க மேசையில் இருக்கிறது. கூட்டம் முடியும்வரை மாணவர்கள் இருவர் அங்கேயே இருப்பார்கள். முழுப் பெயரும் முகவரியும் தெளிவாக எழுதுங்கள், சென்ற முறை படிக்க முடியாததால் பல கையெழுத்துகளை எண்ணிக்கையில் சேர்க்க முடியாமல் போய்விட்டது. நன்றி, வணக்கம்.