கிரெமோனா வீட்டுச் சதுரங்கம்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேச வருபவருக்குப் படத்தைக் காட்ட வழியில்லை. ஆகவே முதலில் அதைச் சொற்களால் உங்கள் முன் விரித்துவிடுகிறேன்.

பின்புறம் ஒரு மரம். அதற்கு அப்பால் நீலம் படிந்த தொலைதூர மலைகள். முன்னால், கம்பளம் விரித்த மேசையின்மேல் சதுரங்கப் பலகை. இடப்பக்கம் அமர்ந்திருப்பவள் லூசியா. வலப்பக்கம் அவளுடன் ஆடுகிறவள் மினெர்வா. இருவருக்கும் நடுவே சின்னவள் யூரோப்பா. வலது ஓரத்தில், வயதான பணிப்பெண் ஒருவர் ஆட்டத்தைக் கவனித்தபடி நிற்கிறார். மூன்று பெண்களும் ஜரிகை வேலைப்பாடு மின்னும் உடை அணிந்திருக்கிறார்கள். இவர்களின் அக்கா, இத்தாலியின் கிரெமோனா நகரைச் சேர்ந்த சோஃபோனிஸ்பா ஆங்குயிஸ்ஸோலா, 1555-ஆம் ஆண்டில், தம் இருபதுகளின் தொடக்கத்தில் வரைந்த படம் இது. இன்று போலந்து நாட்டின் போஸ்னான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது.

சோஃபோனிஸ்பா உருவப்பட ஓவியராகவே பெயர் பெற்றவர். உருவப்படம் என்றால், அக்காலத்தில், வரையப்படுபவர் அசையாமல், முகத்தை இறுக்கிக்கொண்டு, தம் குலப்பெருமை தெரிய அமர்ந்திருப்பது வழக்கம். இந்தப் படத்திலோ ஒருவரும் அப்படி அமர்ந்திருக்கவில்லை. வீட்டில் ஒரு பொழுது நடந்துகொண்டிருக்கிறது. ஓவியர் அதை நடக்கும்போதே பிடித்திருக்கிறார். அன்றாட வாழ்க்கைக் காட்சியை வரையும் மரபு இத்தாலியில் இன்னும் வேரூன்றாத காலம் அது. பயறு உண்ணும் ஓர் எளிய மனிதனை இத்தாலிய ஓவியர் அன்னிபாலே கராச்சி வரைந்து புகழ்பெற்றது 1580-களில்தான் என்பதை நினைத்தால், இந்த இளம்பெண் எவ்வளவு முன்னதாக நடந்திருக்கிறார் என்பது விளங்கும்.

முகங்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். யூரோப்பா வாய் மலர்ந்து சிரிக்கிறாள். தோற்கப்போகும் அக்காவைப் பார்த்துச் சிறுபிள்ளைகள் அடக்கமாட்டாமல் சிரிக்கும் அதே சிரிப்பு. அவள் பார்வை மினெர்வாவின்மேல் இருக்கிறது. மினெர்வா, ஏதோ சொல்ல வந்தவளைப் போல வலக்கையை உயர்த்தி, இதழ் சற்றே விரிய, லூசியாவைப் பார்க்கிறாள். லூசியாவோ, கையைப் பலகைமீது வைத்தபடியே, எதிராளியை விட்டுவிட்டு நேராக நம்மைப் பார்க்கிறாள். நம்மை என்று சொன்னேன். உண்மையில் அவள் பார்ப்பது, தூரிகையுடன் எதிரே நின்ற அக்காவை. படத்தில் இல்லாத சோஃபோனிஸ்பா அந்த ஒரு பார்வையால் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார். இந்த ஓவியத்தில் நான் மிகவும் நேசிப்பது இதைத்தான்.

பலகையின் விளிம்பில் இலத்தீன் மொழியில் அவர் தம் பெயரைப் பொறித்திருக்கிறார்: அமில்காரேயின் மகளான தாம், தம் மூன்று தங்கைகளையும் பணிப்பெண்ணையும் உள்ளபடியே வரைந்ததாக. பணிப்பெண்ணையும் விடாமல் குறித்திருப்பது என் மனத்தைத் தொடுகிறது. 'உள்ளபடியே' என்பதும் வெறும் சொல் அல்ல. ஆடையற்ற மனித உடலைப் பார்த்து வரையும் பயிற்சி அன்று பெண்களுக்கு மறுக்கப்பட்டது. அதனால் புராணக் காட்சிகளும் பெரிய சமய ஓவியங்களும் பெரும்பாலும் அவர்களுக்கு எட்டாமலே இருந்தன. சோஃபோனிஸ்பாவுக்குக் கிடைத்த மாதிரிகள் வீட்டு மனிதர்கள்தாம். அவர் வரைந்த, சிரிக்கும் சிறுமியின் சித்திரம் ஒன்றைப் பார்த்த மைக்கலாஞ்சலோ, அழும் சிறுவனை வரைவது இன்னும் கடினம் என்றாராம். உடனே சோஃபோனிஸ்பா, நண்டு கடித்து அழும் தம்பி அஸ்த்ருபாலேயை வரைந்து அனுப்பியதாக 1562-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று தெரிவிக்கிறது.

பெண்கள் ஆடுவதற்குச் சதுரங்கத்தைத் தேர்ந்ததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சென்ற ஆட்டம் அது. நாம் மந்திரி என்று அழைத்த காய் அங்கே ராணியாயிற்று. மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்ந்துகொண்டிருந்த அந்த ராணிக்கு, 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பலகை முழுவதையும் கடக்கும் வலிமை தரப்பட்டது. ஆற்றல் பெற்ற அந்த ராணியை வைத்துத்தான் இந்தச் சகோதரிகள் ஆடுகிறார்கள்.

1559-இல் சோஃபோனிஸ்பா ஸ்பெயின் அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். அரசி எலிசபெத்துக்கு ஓவியம் கற்பித்தார்; அரச குடும்பத்தினரை வரைந்தார். அந்த முகங்களில் யூரோப்பாவின் சிரிப்புக்கு இடமிருக்கவில்லை.

ஓவியர்களின் வரலாற்றை எழுதிய ஜார்ஜோ வசாரி 1566-இல் கிரெமோனா வந்து, சோஃபோனிஸ்பாவின் தந்தை வீட்டில் இந்தப் படத்தைக் கண்டார். இவர்கள் உயிரோடிருப்பவர்கள் போலவே இருக்கிறார்கள், பேச்சு ஒன்றுதான் குறை என்ற கருத்தில் எழுதினார். 1568-இல் வெளிவந்த அதே நூலில், தானும் ஓர் ஓவியராகப் புகழ்பெற்ற லூசியா இறந்துவிட்ட செய்தியும் இருக்கிறது. அவர் பார்த்த படத்தில், அவள் கையைப் பலகையிலிருந்து எடுக்காமல் தன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றி, வணக்கம்.