பின்னுவது சுலபம், பிரித்துக் காட்டுங்கள்!

நடுவர் அவர்களே, வணக்கம். பிள்ளைகளுக்கு அறமும் பக்தியும் படிவது நீதி வகுப்பிலா, கிராமிய ஆட்டத்திலா என்பது தலைப்பு. “ஆட்டத்தில் கைகால் பழகும், மனசு எங்கே பழகும்?” என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார் எதிரணி அண்ணன்.

அண்ணே, என் பையன் அன்பைப் பற்றிய பத்துக் குறளையும் தப்பில்லாமல் ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினான். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டைத் தங்கச்சிக்கு விட்டானா? கேட்காதீர்கள்!

அவனைப் பின்னல் கோலாட்டத்தில் சேர்த்தேன். மேலே கட்டிய வளையத்திலிருந்து கலர் கலராகக் கயிறு தொங்கும். ஒரு கையில் கயிறு, மறு கையில் கோல். எதிரே வருகிறவளுக்கு உள்பக்கம், அடுத்தவனுக்கு வெளிப்பக்கம் என்று மாறி மாறி நுழைந்தால் உச்சியிலிருந்து ஜடை மாதிரி பின்னல் இறங்கும். பிறகு வந்த அடியையே திருப்பி ஆடி அதைப் பிரிக்க வேண்டும். அங்கேதான் சங்கதி! நடுவில் ஒருத்தன் ‘நான்தான் முந்தி’ என்று தப்பாக நுழைந்திருந்தால் கயிறு சிக்கிக்கொள்ளும், மொத்த ஆட்டமும் நின்றுபோகும். அவனைத் திட்டி விரட்டவும் முடியாது. அவனும் சேர்ந்து ஆடினால்தான் சிக்கு பிரியும். மூன்றாம் வாரம் என் பையன் பக்கத்துப் பிள்ளையிடம், “முதல்ல நீ போ” என்றான். என் காதால் கேட்டேன், நடுவர் அவர்களே!

பக்தியா? சலங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் காலில் கட்டுகிறது பிள்ளை. கொங்கு நாட்டு வள்ளி கும்மியில் முருகன் கதை பாட்டோடு பாட்டாக மனசில் ஏறுகிறது. ஆண்கள் ஆடிவந்த அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் பழக்கிய கோவை பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ, 87 வயதில்.

“ஆட்டத்தில் சாதி இல்லையா?” என்று அடுத்து வரும் அக்கா கேட்பார். இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கினோம், அடித்தவரைத் தள்ளி நிறுத்தினோம். தீண்டாமை பெருங்குற்றம் என்று பாடநூலின் முன்பக்கத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறோம். அதை யார் நின்று படித்தார்கள்? பறை கற்க வரும் பிள்ளைகள் வேறு வேறு தெருக்காரர்கள். ஒரே தீயில் பறையைக் காய்ச்சுகிறார்கள். 2025-இல் பறைக்காகப் பத்மஸ்ரீ பெற்றவரை ஊரே ‘வேலு ஆசான்’ என்கிறது. ஆசான்!

மணி அடித்துவிட்டார் நடுவர். உட்காருகிறேன். எதிரணியினரே, கீழே இறங்கி ஆளுக்கொரு கயிற்றைப் பிடியுங்கள். பின்னுவதை விடுங்கள், பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்!