கிளினிக் வாங்கில் கேட்கும் குரல்

வன்னி வாழ் நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

நோயாளியின் இரகசியத்தைப் பாதுகாப்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும், கணினியில் உள்ள மருத்துவத் தகவல்களை எங்கிருந்தோ ஒருவர் களவெடுப்பதே பலருக்கு நினைவில் வரும். அந்த ஆபத்து உண்மையானது. ஆனாலும், வன்னி வைத்தியசாலைகளில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் என்ற வகையில் சொல்கிறேன்: எங்கள் பகுதியில் ஒருவருடைய நோய் ஊருக்குத் தெரியவருவது பெரும்பாலும் உரத்துப் பேசும் ஒரு குரலால்தான்.

கிளினிக் நாளொன்றை எண்ணிப் பாருங்கள். ஒரே அறையில் இரண்டு மேசைகள், இரண்டு வைத்தியர்கள். ஒருவர் கதிரையில் இருந்து தன் வருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் கொப்பியோடு அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறார். மருந்து கொடுக்கும் யன்னலில், எந்த நோய்க்கான குளிசை என்பது பெயரோடு சேர்த்துக் கூப்பிடப்படுகிறது. பின்னால் நிற்பவர் அயலூர் மச்சாளாகவோ, மகளுக்குப் பேசிவரும் சம்பந்த வீட்டாருக்கு வேண்டியவராகவோ இருப்பார். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவாக இருக்கும் ஊர்களில், வாங்கில் கேட்ட ஒரு சொல் மாலை பஸ் மாங்குளத்தைத் தாண்டுவதற்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

இதை வெறும் மரியாதைக் குறைவு என்று எண்ணுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. இது சிகிச்சையையே கெடுக்கிறது. காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து எடுக்க வேண்டும். மருந்து எடுக்கப் போவதை யாரும் கண்டுவிடுவார்கள் என்ற அச்சத்தால் ஒருவர் இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிட்டால், அவருடைய உடலில் எஞ்சியிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும், அதே கிருமி வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடும். மனநல கிளினிக்கின் வாசலில் நிற்பதைக் கண்டால் ஊர் என்ன பெயர் வைக்கும் என்று பயந்து, 2009இல் போர் முடிந்த பிறகு உறக்கம் தொலைத்த எத்தனையோ பெண்கள் தலையிடிக் குளிசை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியதை நான் கண்டிருக்கிறேன். வசதி உள்ளவர்கள் யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ போய்க் காட்டுகிறார்கள். நாட்கூலியில் வாழ்பவர் அந்த ஒருநாள் சம்பளத்தையும் பஸ் காசையும் எங்கே தேடுவது?

வன்னிக்கு என்றே உள்ள இன்னொரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மக்களில் பலருடைய உடலில், போரில் வெடித்த செல்களின், அதாவது எறிகணைகளின், இரும்புத் துண்டுகள் இன்றும் கிடக்கின்றன. எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் இயந்திரம் மிக வலுவான காந்தத்தால் இயங்குவது. உடலில் உள்ள இரும்புத் துண்டை அது அசைக்கக்கூடும், கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் துண்டு இருந்தால் பெரும் கேடு நேரலாம். ஆகவே படம் எடுப்பதற்கு முன் நோயாளி உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் “எங்கே காயப்பட்டனீர்கள், எப்படிக் காயப்பட்டனீர்கள்” என்ற கேள்வியை எங்கள் மக்கள் வைத்தியசாலைக்கு வெளியே வேறு ஆட்களிடமிருந்து, வேறு நோக்கங்களுக்காகப் பலமுறை கேட்டவர்கள். அதே கேள்வியை நாலு பேர் நிற்கும் இடத்தில் சத்தமாகக் கேட்டால், இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். கதவைச் சாத்தி, இந்தத் தகவல் சிகிச்சைக்கு மட்டுமே என்று விளங்கப்படுத்திக் கேட்டால் சொல்வார்கள்.

மொழியும் அப்படித்தான். தெற்கிலிருந்து நியமனம் பெற்று வரும் வைத்தியர்கள் பலர் அக்கறையோடு வேலை செய்கிறார்கள், தமிழ் கற்கவும் முயல்கிறார்கள். இருந்தும் நோயாளி சொல்வது விளங்காத இடத்தில், கையில் அகப்படும் சிற்றூழியரோ பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோ மொழிபெயர்க்க நேர்கிறது. சில வேளைகளில் நோயாளியின் சொந்தப் பிள்ளையே அந்த வேலையைச் செய்கிறது. தாயின் இரத்தப்போக்கைப் பற்றிப் பத்து வயது மகன் வைத்தியருக்கு எடுத்துச் சொல்வது தாய்க்கும் பிள்ளைக்கும் செய்யப்படும் கொடுமை. கணவனின் உறவினர் மொழிபெயர்க்கும்போது, கணவன் அடித்த காயத்தை எந்தப் பெண்ணும் விழுந்த காயம் என்றுதான் சொல்லுவாள். பயிற்சி பெற்ற, இரகசியம் காக்கும் கடமையை ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒவ்வொரு வைத்தியசாலையிலும் நியமிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கைத்தொலைபேசிக்கு வருவோம். எக்ஸ்ரேயையோ ஈ.சி.ஜி.யையோ படம் பிடித்து யாழ்ப்பாணத்திலுள்ள விசேட வைத்திய நிபுணருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆலோசனை கேட்பதால், தூர இடத்து வைத்தியசாலைகளில் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பெயரும் முகமும் தெரியாமல் எடுங்கள், ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள், குழுக்களில் போடாதீர்கள், தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள். எனக்குக் கோபத்தை மூட்டுவது வேறொன்று. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைக் காணொளி எடுத்து, நோயின் பெயரையும் புண்ணையும் வீட்டையும் காட்டி உதவி கோரும் வழக்கம் எங்கள் பகுதியில் பெருகிவிட்டது. எடுப்பவர் நல்ல மனத்தோடு எடுக்கலாம். சம்மதம் கேட்டுத்தான் எடுத்தேன் என்றும் சொல்வார். மருந்துக்குக் காசில்லாதவர் கொடுக்கும் சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. கிடைத்த காசு சில மாதங்களில் முடிந்துவிடும். அந்தக் காணொளியோ அவருடைய பிள்ளைகள் வளர்ந்து வேலை தேடும் காலத்திலும் இணையத்தில் கிடக்கும்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே, ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை அவர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் மற்றவருக்குக் கொடுக்க மறுக்க வேண்டும் என்று 5ஆம் பிரிவில் சொல்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளைக் கூடுதல் காப்புத் தேவைப்படும் விசேட வகையில் சேர்த்திருக்கிறது. மருத்துவர்களின் உறுதிமொழியான ஜெனீவாப் பிரகடனம், நோயாளி இறந்த பின்னரும் அவருடைய இரகசியத்தைக் காக்கும்படி கேட்கிறது. செத்த வீட்டில் “அவருக்கு உண்மையில் என்ன வருத்தம்” என்று விசாரிக்கப்படும்போது, வைத்தியசாலையில் வேலை செய்யும் உறவினர் வாய் திறக்கக் கூடாது.

இரகசியத்துக்கு எல்லை உண்டு. காசநோய், டெங்கு போன்ற நோய்களைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பது வைத்தியரின் சட்டக் கடமை; நீதிமன்றம் கட்டளையிட்டாலும் தகவல் கொடுக்க வேண்டும். அறிவிக்க வேண்டியவருக்கு மட்டும் அறிவிப்பதே முறை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீட்டைத் தேடி வரும்போது, சந்திக் கடையில் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம். நோயைச் சொல்லி விசாரிக்கக் கூடாது.

நம்பிக்கை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்கள் நாட்டிலேயே சான்று உண்டு. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் உறுதிப்படுத்தியது. கர்ப்பிணித் தாய்மார் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கத் தயங்கியிருந்தால் அது நடந்திருக்காது. முடிவு தாயிடம் மட்டுமே சொல்லப்படும் என்று வீடு வீடாகப் போய் நம்பிக்கை கொடுத்த குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கிளினிக்குக்குப் போகும் நேயர்களே, “தனியாகக் கதைக்க வேண்டும்” என்று தாதியிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மொழிபெயர்க்க வந்தவர் உங்களுக்குப் பொருத்தமில்லை என்றால் வேறொருவரைக் கேளுங்கள். நோய் நிர்ணய அட்டையைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்ப முன் இரண்டு தரம் யோசியுங்கள். உங்கள் தகவல் வெளியே போய்விட்டது என்று அறிந்தால், திகதியையும் இடத்தையும் குறித்து வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் முறையிட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அதை எழுதிக் கொடுக்க ஒருவரை ஒவ்வொரு வைத்தியசாலையும் ஒழுங்கு செய்ய வேண்டும் என்று பொறுப்பானவர்களை இந்த ஒலிபரப்பின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.