தான்றிக்காயும் நெல்லிக்காயும்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இந்த மேஜையில் என் முன்னால் இரண்டு காய் இருக்கிறது. ஒன்று நெல்லிக்காய், அதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று காய்ந்த தான்றிக்காய். சாம்பல் பூசிய மாதிரி நிறம், பாக்கைவிடக் கொஞ்சம் பெரிசு, மேலே லேசாக வரப்புகள். நாட்டு மருந்துக் கடையில் திரிபலா கேட்டால் கடுக்காய், நெல்லிக்காயோடு மூன்றாவதாக இடித்துப் போடுகிறார்களே, அதுதான். வானொலியில் காயைக் காட்ட முடியாது என்று தெரிந்தும் சட்டைப்பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். 31 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், பேசும்போது கையில் சாக்பீஸ் மாதிரி ஏதாவது இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு வராது.

அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தச் சொல்லே ஒரு வேடிக்கை. வடமொழியில் திருஷ்டம் என்றால் பார்க்கப்பட்டது, அதிருஷ்டம் என்றால் பார்க்கப்படாதது. கண்ணுக்குத் தெரியாதது, அவ்வளவுதான். நல்லது என்றோ, பணம் என்றோ அந்தச் சொல்லுக்குள் எதுவும் இல்லை. நாமாகத்தான் அதற்குள் ஒரு மூட்டைப் பணத்தை வைத்துக் கட்டிவிட்டோம். ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. ஃபார்ச்சூன் என்றால் யோகம், ஃபார்ச்சூன் என்றால் சொத்து. ரோமாபுரியில் ஃபார்ச்சூனா என்று ஒரு தேவதையே இருந்தாள். ஒரு கையில் பழமும் தானியமும் நிரம்பி வழியும் கொம்பு, இன்னொரு கையில் படகின் சுக்கான். கூடவே ஒரு சக்கரமும் உண்டு. மேலே இருப்பவன் கீழே வருவான், கீழே கிடப்பவன் மேலே போவான். நம் நாலடியார் அதையே 'சகடக்கால் போல வரும்' என்று மாட்டுவண்டிச் சக்கரத்தை வைத்துச் சொல்லிவிட்டது. சுக்கானை அப்புறம் பார்ப்போம், இப்போது தான்றிக்காய்க்கு வருகிறேன்.

ரிக் வேத காலத்தில் சூதாட்டத்துக்குப் பகடை எது தெரியுமா? இந்தத் தான்றிக் கொட்டைதான். பத்தாம் மண்டலத்தில் 34ஆவது பாட்டு முழுக்க ஒரு சூதாடியின் புலம்பல். மனைவி ஒதுக்கிவிட்டாள், பெற்ற தாய் அழுகிறாள், இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று முடிவு கட்டுகிறான். கொட்டை உருளும் சத்தம் காதில் விழுந்ததும் எழுந்து போய்விடுகிறான். நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் சூது துகில் நடக்கும் ராத்திரி பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தருமராஜா காயை உருட்டக் கை ஓங்கும்போது முன்வரிசையில் ஒரு பாட்டி, 'வேணாம் சாமி, எந்திரிச்சி வந்துடு சாமி' என்று கத்துவார். அவருக்கும் கதை முழுக்கத் தெரியும், போன வருஷமும் பார்த்தவர்தான். ஆனாலும் கத்துவார்.

அந்த ரிக் வேதப் பாட்டின் கடைசியில் தெய்வம் ஒரு புத்தி சொல்கிறது. 'பகடை ஆடாதே, உழவைச் செய்' என்று.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலக்கோட்டிலோ ராயக்கோட்டையிலோ தக்காளி போடுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 'அதைத்தானய்யா தினமும் ஆடிக்கிட்டிருக்கேன்' என்பார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அந்த நேரம் யார் தோட்டத்தில் பழம் சிவந்து நின்றதோ, அவர் வீட்டில் அந்த வருஷம் கல்யாணம். அதே தக்காளியைப் பறிகூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். அதே மண், அதே நாற்று, அதே மருந்து. சூதாடாதே, விவசாயம் பண்ணு என்ற புத்திமதி நம் ஜில்லாவில் செல்லுபடியாகாது.

இங்கேதான் என் பெரியப்பா வருகிறார். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், ஆனால் அவர் கதை சுருங்காது.

எங்கள் ஊர் சந்தூர் பக்கம். பெரியப்பா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். பிஞ்சு பிடித்ததும் தோப்புக்காரரிடம் விலை பேசி முன்பணம் கொடுத்துவிட வேண்டும். காய் கைக்கு வர இன்னும் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை காற்று, ஆலங்கட்டி, பூச்சி, திருடன், அணில், எல்லாம் அவர் பாடு. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது ஒரு தோப்பு பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அறுபது மரம், எல்லாம் பெங்களூரா. நான் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தேன். அவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, 'டேய், மரத்த முழுசாப் பாக்காத. பாத்தா ஆசை வரும். ஒரு கெளையப் பாரு' என்றார்.

ஒரு கிளையில் பிஞ்சை எண்ணுவார், உதடு மட்டும் அசையும். அதே பருமனில் எத்தனை கிளை என்று பார்த்துக்கொண்டு மரத்தை ஒரு சுற்று வருவார். பிறகு இன்னும் மூன்று மரம். நன்றாகக் காய்த்தது ஒன்று, நோஞ்சானாக நிற்பது ஒன்று, நடுத்தரமாக ஒன்று. அறுபது மரத்துக்கு நான்கு மரம்தான் பார்ப்பார். பெருக்கி ஒரு தொகை வரும். அதில் சரிபாதியைக் கழித்துவிடுவார். 'பாதி காத்துக்கு, பாதி நமக்கு.' நான் கணக்கில் கெட்டிக்காரன் என்ற திமிரில், 'ஏன் பாதி? மூணுல ஒரு பங்கு கழிச்சா ஆகாதா?' என்று கேட்டேன். 'காத்து கணக்கு படிச்சதில்லடா' என்றார்.

அந்த வருஷம் அவர் போட்ட கணக்கு கிட்டத்தட்ட அப்படியே வந்தது. பெட்டிக் கணக்கில் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் காசு வரவில்லை. பக்கத்துத் தோப்பை எடுத்திருந்தவர் லாரி வைத்திருந்த ஒருவர். மாங்காய்க்கும் அவருக்கும் அதுதான் முதல் பழக்கம், மரத்தைச் சரியாக அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. மகள் கல்யாணம் நெருங்குகிறது, கைக்குப் பணம் வேண்டும் என்று பத்து நாள் முன்னாலேயே காயை இறக்கிவிட்டார். அவர் விற்று முடித்த வாரமே கூழ் ஆலைக்குப் போகும் காயின் விலை சரிந்தது. பெரியப்பா காய் அதற்குப் பிறகு இறங்கியது. அவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் அந்தக் கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்துக்கொண்டு போய், பந்தியில் உட்கார்ந்து, மொய்யும் எழுதிவிட்டு வந்தார். வழியில், 'கணக்கு நம்மளது, யோகம் அவனுது. சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு' என்றார்.

வள்ளுவர் 'இருவேறு உலகத்து இயற்கை திருவேறு தெள்ளிய ராதலும் வேறு' என்றாரே, எனக்கு அந்தக் குறளுக்கு உரை அந்தப் பந்தியில் கிடைத்தது.

கல்லூரி நாளில் நளன் கதையை பாரதத்தில் படித்தபோது திடுக்கிட்டுப்போனேன். சூதில் நாட்டைத் தோற்ற நளன், அடையாளம் மாறி, இருதுபன்னன் என்ற ராஜாவுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு மரம். இன்ன மரம் என்று நினைக்கிறீர்கள்? இதோ, என் கையில் இருக்கும் தான்றி. ராஜா ஓடுகிற தேரிலிருந்து பார்த்தபடி, 'இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலை, 2095 காய்' என்று சொல்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டிச் சாய்த்து எண்ணுகிறான். சரியாக இருக்கிறது. எப்படி என்று கேட்டால் ராஜா சொல்கிற பதிலைக் கவனியுங்கள்: எனக்குப் பகடையின் சூட்சுமம் தெரியும், அதனால் எண்ணிக்கையும் தெரியும். அந்த வித்தையை நளன் வாங்கிக்கொள்கிறான், பதிலுக்குக் குதிரை வித்தையைக் கொடுக்கிறான். அந்தக் கணமே அவனைப் பிடித்திருந்த கலி வெளியேறி அதே தான்றி மரத்துக்குள் போய் ஒளிகிறான். அதனால்தான் தான்றிக்குக் கெட்ட பெயர்.

சூதாட்டமும் மரத்தில் காய் எண்ணுவதும் ஒரே கலை என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கிளையைப் பார்த்து மரத்தைச் சொல்வது. இதைத்தான் நான் பிற்பாடு புள்ளியியல் என்ற பெயரில் பாடம் நடத்தினேன், பையன்கள் தூங்கினார்கள். புகழேந்திப் புலவர் தம் நளவெண்பாவின் மூன்றாம் பகுதிக்கு 'கலிநீங்கு காண்டம்' என்று பெயர் வைத்தார். கலி நீங்க உதவியது மந்திரமோ தாயத்தோ இல்லை, எண்ணத் தெரிந்ததுதான் என்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம். கணக்கு வாத்தியாருக்கு வேறு எது பிடிக்கும்?

பெரியப்பாவின் பாதிக்கு வருகிறேன். இத்தாலியில் மாக்கியவெல்லி, 1513 வாக்கில் எழுதிய 'இளவரசன்' நூலின் 25ஆம் அத்தியாயத்தில் கிட்டத்தட்ட இதே கணக்கைப் போடுகிறார். நம் காரியங்களில் பாதியை அதிர்ஷ்டம் ஆள்கிறது, மறுபாதியோ அதற்குக் கொஞ்சம் குறைவோ நம் கையில். அதிர்ஷ்டம் வெள்ளம் மாதிரி, வந்தால் மரத்தையும் வீட்டையும் புரட்டும், ஆனால் வெயில் காலத்தில் கரை கட்டி வைக்கலாம் அல்லவா என்கிறார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தி வைத்திருந்த வேன்களை எல்லாம் தண்ணீர் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டாம்.

வள்ளுவரும் இரண்டு பக்கமும் பேசுவார். 'ஊழிற் பெருவலி யாவுள' என்று ஓரிடத்தில். 'ஊழையும் உப்பக்கம் காண்பர்', அதாவது விதியையே புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்று இன்னோரிடத்தில். முன்னது 380, பின்னது 620. தமிழாசிரியர்கள் இதை வைத்து மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நான் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுவேன். பெரியப்பா கணக்கு வந்துவிடும்.

லாட்டரி பற்றியும் குறித்து வைத்திருந்தேன். 1968இல் அண்ணா தொடங்கியது, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார்கள், 2003இல் தமிழ்நாட்டில் தடை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் தெரிகிறது. அதனால் லாட்டரியை விட்டுவிடுகிறேன். ஃபார்ச்சூனாவின் சுக்கானும் போயிற்று.

நெல்லிக்காய். இதைச் சொல்லாமல் தருமபுரியிலிருந்து பேசினேன் என்று வெளியே சொல்ல முடியாது. நம் தகடூர் அதியமான். பெரிய மலைப்பிளவில், எட்டாத உச்சியில் இருந்த நெல்லிக்கனி அவர் கைக்கு வந்தது. தின்றவர் நெடுநாள் வாழ்வார் என்பது அவருக்குத் தெரியும். 'ஆதல் நின்னகத்து அடக்கி' என்கிறார் அவ்வையார், புறநானூறு 91. அதன் பலனை மனசுக்குள் அடக்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டார். சொல்லியிருந்தால் அவ்வை வாங்கியிருக்கமாட்டார். பிறகு சேர ராஜா பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான், அதியமான் போனார். சக்கரம் சுற்றிவிட்டது.

ஆனால் 101ஆம் பாட்டில் அவ்வை வேறு ஒன்று சொல்கிறார். ஒருநாள் இருநாள் அல்ல, பலநாள் பலரோடு போனாலும் அதியமான் முதல் நாள் மாதிரியே வரவேற்பான். பரிசில் தாமதமாகலாம், ஆகாமலும் இருக்கலாம். ஆனால் அது 'யானைதன் கோட்டிடை வைத்த கவளம்'. யானையின் இரண்டு தந்தங்களுக்கு நடுவே வைத்த சோற்று உருண்டை எங்கே போகும்? அடுத்து வாய்க்குத்தான். பெரியப்பா இருந்திருந்தால், இந்தத் தோப்புக்கு மட்டும் காற்றுக்கு என்று எதையும் கழித்திருக்கமாட்டார்.

ஒரு விரல் காட்டுகிறார்கள். தான்றிக்காயைப் பையில் போட்டுக்கொள்கிறேன், நெல்லிக்காய் இங்கே மேஜையிலேயே இருக்கட்டும். அடுத்துப் பேச வருபவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறதாம், வெளியே இருமல் கேட்கிறது. வணக்கம்.