காலடியில் சூரிய மின்சாரம்

நேயர்களுக்கு வணக்கம். சூரிய மின்சாரம் பற்றி நான் பேசும் இடங்களிலெல்லாம், "வீட்டு மாடியில் மட்டும் ஏன்? நாடெங்கும் நடைபாதையும் சாலையும் வெயிலில் கிடக்கின்றனவே, அங்கே பேனல்களைப் பதித்தால் என்ன?" என்று ஒருவராவது கேட்காமல் இருப்பதில்லை. நல்ல கேள்விதான். வெறுங்காலுடன் சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்தவர்களுக்குக் கல்தளம் எவ்வளவு வெப்பத்தை வாங்கிவைத்திருக்கிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வெயிலை மின்சாரமாக மாற்ற விரும்புவது இயல்பே.

இதைச் சில நாடுகள் செய்தே பார்த்துவிட்டன. நெதர்லாந்தின் க்ரோமனி என்ற ஊரில் 2014 நவம்பரில் 70 மீட்டர் நீளமுள்ள சைக்கிள் பாதையில் சூரிய மின்கலங்களைப் பதித்து, அவற்றின்மேல் கெட்டிக் கண்ணாடி போர்த்தினார்கள். முதல் ஆறு மாதங்களில் 3,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கிடைத்தது. அதே வேளையில், கால் வழுக்காமலிருக்கக் கண்ணாடியின்மேல் பூசிய பூச்சு, குளிரும் வெப்பமும் மாறி மாறித் தாக்கியதால் ஓரிடத்தில் உரிந்தது. பிரான்சில், நார்மண்டிப் பகுதியின் தூருவ்ரு என்ற சிற்றூரில், 2016 டிசம்பரில் ஏறத்தாழ 50 லட்சம் யூரோ செலவில் ஒரு கிலோமீட்டர் சாலையில் 2,800 சதுர மீட்டர் பரப்புக்குப் பேனல்களை ஒட்டினார்கள். எதிர்பார்த்த மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியே கிடைத்தது. பின்னர் அதுவும் குறைந்துகொண்டே போனது. டிராக்டர்களின் பாரமும், மரங்களிலிருந்து உதிர்ந்த இலைகளும் பேனல்களைப் பாதித்தன. வண்டிகள் எழுப்பிய இரைச்சலைக் குறைப்பதற்காக வேகத்தை மணிக்கு 70 கிலோமீட்டராகக் குறைக்க வேண்டியதாயிற்று. 2018-இல் ஏறத்தாழ 90 மீட்டர் நீளத்தைப் பெயர்த்தே எடுத்தார்கள்.

பாரம் ஒரு காரணம் என்பது எல்லோருக்கும் எளிதில் புரியும். நிழல் எவ்வளவு பெரிய காரணம் என்பது எனக்கே என் வீட்டு மாடியில்தான் புரிந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

எங்கள் மாடியில் பேனல்கள் போட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தை மாதத்தில், வானம் தெளிவாக இருந்தும் காலை நேரத்து உற்பத்தி குறைந்துகொண்டே வந்தது. வயர்களைச் சோதித்தேன், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரைச் சோதித்தேன், பேனல்களை இருமுறை கழுவினேன். ஒன்றும் பயனில்லை. கடைசியில் கண்ணில் பட்டது துணி காயப்போடும் கொடி. சூரியன் தெற்கே சாய்ந்திருந்த அந்தப் பருவத்தில், கொடியில் தொங்கிய ஒரு துண்டின் நிழல் ஒரு பேனலின் அடிவரிசையில் பட்டை போல விழுந்திருந்தது. அந்த நிழல் பேனலின் பத்தில் ஒரு பங்கைக்கூட மறைக்கவில்லை. ஆனாலும் துண்டை எடுத்தவுடன் இன்வெர்ட்டர் திரையில் எண் ஏறிய அளவைப் பார்த்தபோது, ஏறத்தாழ ஒரு பேனல் முழுவதும் அதுவரை வேலை செய்யாமலிருந்தது தெரிந்தது. நம்ப முடியாமல் துண்டைப் போட்டும் எடுத்தும் பலமுறை பார்த்தேன். பிறகு நானே பேனலின் முன்னால் போய் நின்றேன்; என் மகன் திரையைப் பார்த்து எண்ணை உரக்கச் சொன்னான். நான் நின்றால் எண் இறங்கியது, விலகினால் ஏறியது.

திருவிழாவில் கட்டும் சீரியல் செட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பல்பு போனால் அந்தச் சரமே அணைந்துவிடும். பேனலுக்குள்ளும் மின்கலங்கள் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. மிகவும் நலிந்த கலம் விடுகிற அளவு மின்னோட்டமே சரம் முழுவதும் ஓடும். இதைத் தணிக்கச் சரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, நிழல் பட்ட பகுதியை விட்டு விலகி மின்னோட்டம் செல்ல மாற்றுவழி அமைத்திருப்பார்கள். ஆனால் நிழல் எல்லாப் பகுதிகளிலும் ஒரு விளிம்பைத் தொட்டுவிட்டால் அந்த வழியாலும் பயனில்லை. மாடியில் கொடியை இடம் மாற்றிக் கட்டினால் தீர்ந்தது. நடைபாதையில் நடப்பவரின் நிழலையும், ஓரத்தில் நிற்கும் வண்டியின் நிழலையும், தள்ளுவண்டிக்காரர் விரித்த குடையின் நிழலையும் எங்கே மாற்றுவது? மக்கள் மிகுதியாக நடக்கிற பாதைதான் மிகக் குறைவாக மின்சாரம் தரும். நடைபாதையின் பயனும் பேனலின் பயனும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன என்பதே நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது.

அடுத்தது தூசி. பொதுவாகப் பேனலைச் சாய்த்து வைப்பார்கள். மழை பெய்தால் அழுக்கு வழிந்துவிடும். தரையில் படுக்க வைத்த பேனலில் அழுக்கு தங்குகிறது. செருப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியைத் தேய்த்து மங்கச் செய்கின்றன. வழுக்காமலிருக்கக் கண்ணாடி சொரசொரப்பாக இருக்க வேண்டும், ஒளி புகத் தெளிவாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் பல ஆண்டுகள் ஒருசேரக் காப்பது கடினம். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், படுக்க வைப்பதால் மட்டும் நமக்கு வரும் இழப்பு பிரான்சில் வருவதைவிட மிகக் குறைவு. ஆனால் வெப்பம் நம்மிடம் கூடுதல். பேனலின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கு வரை குறைகிறது. மாடியில் பேனலுக்கு அடியில் காற்று ஓடி அதைத் தணிக்கும். தரையில் அதற்கு வழியில்லை.

நேரம் முடியப்போவதாக அறிவிப்பாளர் சைகை காட்டுகிறார். மாற்றுவழிகளை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். அதே பேனலைப் பாதைக்கு மேலே கூரையாகப் போடலாம். தென்கொரியாவில் தேஜோன், சேஜோங் நகரங்களுக்கு இடையே நெடுஞ்சாலையின் நடுவே செல்லும் சைக்கிள் பாதைக்கு இப்படிக் கூரை போட்டிருக்கிறார்கள். குஜராத்தில் சந்திராசன் என்ற ஊரில் 2012-இல் கால்வாய்க்கு மேலே 750 மீட்டர் நீளத்துக்கு ஒரு மெகாவாட் அளவில் பேனல்கள் அமைத்தார்கள். பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் மருத்துவமனை வாசலுக்கும் போகும் நடைபாதைகளுக்கு இத்தகைய கூரை வந்தால், நடப்பவருக்கு நிழலும் கிடைக்கும், பேனலுக்கு வெயிலும் கிடைக்கும். தூண்களின் செலவையும் காற்றின் வேகத்தையும் பற்றிச் சொல்ல வேண்டியது மீதமிருக்கிறது. வாய்ப்பு அமைந்தால் இன்னொரு நாள் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.