ஆட வந்தவரின் பர்ஸில்தான் கண்

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம். வீடியோ கேம் நிறுவனங்கள் நம்மை ரசிகராக நடத்துகின்றனவா, வருமானமாக நடத்துகின்றனவா என்பது தலைப்பு. வருமானமாகத்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், ஒரு கேமுக்கு நூற்றுக்கணக்கான பேர் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள், காசு வாங்காமல் எப்படி முடியும் என்று கேட்டார். அப்புறம், பாதி கேம் இலவசமாகத்தானே கிடைக்கிறது, உங்கள் கையைப் பிடித்து யாரும் பணம் கட்டச் சொல்லவில்லையே என்றார். உழைத்தவருக்குக் கூலி வேண்டும் என்பதில் எங்களுக்குத் தகராறே இல்லை நடுவர் அவர்களே. நல்ல கேமுக்கு நானும் சந்தோஷமாகக் காசு கொடுக்கிறவன்தான். ஆனால் முழு விலையையும் வாங்கிவிட்டு, அதற்கு மேலும் கறப்பதற்காகவே ஆட்டத்தை வேண்டுமென்றே சலிப்பாக்கி வைக்கிறார்களே, அதற்கு என்ன பேர்?

2017-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2’-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலவச கேம் இல்லை, 60 டாலர். அந்தக் கதையையே தாங்கி நிற்கிற டார்த் வேடரை எடுத்து ஆட வேண்டுமானால் ஆட்டத்துக்குள் சேர்கிற ‘கிரெடிட்’ புள்ளியில் 60,000 சேர்க்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஒரு ரசிகர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார், அப்படி ஒரு நாயகனைத் திறக்கவே ஏறக்குறைய 40 மணி நேரம் ஆட வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் இல்லாதவருக்குக் உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே காசு கொடுத்து வாங்குகிற அதிர்ஷ்டப் பெட்டி தயாராக இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு, கஷ்டப்பட்டுத் திறந்தால்தான் பெருமையும் சாதித்த உணர்வும் வரும் என்று ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் பதில் எழுதினார்கள். அந்தப் பதில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான எதிர் ஓட்டு வாங்கி கின்னஸ் வரைக்கும் போனது. உடனே 60,000 என்பது 15,000 ஆனது, கேம் வெளிவருகிற நேரத்தில் காசு வாங்குகிற வசதியையே தற்காலிகமாக மூடினார்கள். ஒரு வாரத்துக்குள் நாலில் ஒரு பங்காகக் குறைக்க முடிந்த எண்ணை முதலில் எதை வைத்து நிர்ணயித்தார்கள்? அந்த 40 மணி நேரத்தில் யாருடைய உழைப்பு இருந்தது? அது நம் பொறுமை எங்கே உடையும் என்று பார்ப்பதற்காக வைத்த சுவர்.

சரி, இலவச கேமுக்கு வருவோம். ‘ஃபோர்ட்நைட்’ இலவசம்தான். அதை நடத்துகிற எபிக் கேம்ஸ் மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்து, 2022 டிசம்பரில் மொத்தம் 52 கோடி டாலருக்கு எபிக் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதில் 27.5 கோடி, பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோரைக் கேட்காமல் சேகரித்ததற்கான அபராதம். மீதி 24.5 கோடி, விருப்பமில்லாமல் வாங்க வைக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம். ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதே குழப்பமாக இருந்ததாம். ஒரு உடையைச் சும்மா போட்டுப் பார்க்கலாம் என்று அழுத்தினால், தூங்கிக்கிடந்த கேமை எழுப்பினால், கேம் லோடு ஆகிக்கொண்டிருக்கும்போது கை பட்டால், ஒரே அழுத்தில் காசு போய்விட்டதாம். அப்பா அம்மாவின் கார்டு விவரம் தானாகவே சேமிப்பில் இருந்ததாம். பத்து லட்சத்துக்கும் மேல் புகார் வந்தும், உள்ளே வேலை பார்த்தவர்களே எச்சரித்தும் கண்டுகொள்ளவில்லை என்கிறது ஆணையம். எனக்கு வயிறு எரிந்தது இதற்கெல்லாம் இல்லை. நான் செய்யாத செலவு என்று வங்கியில் முறையிட்டவர்களின் கணக்கையே பூட்டி, அதுவரை காசு கொடுத்து வாங்கிய எல்லாவற்றையும் அவர்கள் தொட முடியாமல் செய்தார்கள் என்று அதே புகாரில் இருக்கிறது. கையைப் பிடித்து இழுக்கவில்லை என்று எதிரணி நண்பர் சொன்னாரே, இதைவிட அழுத்தமாக எப்படிப் பிடிப்பது?

அதே கேமில் நேராக ரூபாயோ டாலரோ கேட்க மாட்டார்கள், வி-பக்ஸ் என்று தனி நாணயம். பல வருடம் இப்படித்தான் நடந்தது: 1,200 விலையுள்ள உடைக்கு 1,000 கொண்ட பொட்டலம் பத்தாது, இரண்டு வாங்கினால் 800 மிஞ்சும், மிஞ்சியதை வீணாக்க மனசு வராது, இன்னொன்று வாங்கத் தோன்றும். ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்ற இன்னொரு இலவச கேமில், அரிதான ஐந்து நட்சத்திரப் பாத்திரம் குலுக்கலில் ஒரு முறை இழுத்தால் கிடைக்கிற வாய்ப்பு 0.6 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஆறு. இழுப்பதற்கு ஒரு நாணயம், அந்த நாணயத்தை வாங்க இன்னொரு நாணயம், அதை வாங்க மூன்றாவது ஒன்று, அந்த மூன்றாவதை வாங்கத்தான் நிஜப் பணம். வாய்ப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதில் பிள்ளைகளைக் குழப்பினார்கள் என்று அதே ஆணையம் சாட்டிய குற்றத்தில் அந்த கேமின் நிறுவனமும் 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெற்றோர் சம்மதமில்லாமல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த மாதிரி அதிர்ஷ்டப் பெட்டியை விற்கவும் அந்த நிறுவனத்துக்குத் தடை. பெல்ஜியம் 2018-லேயே காசு வாங்கி விற்கிற அதிர்ஷ்டப் பெட்டி சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. நம் வீடுகளிலும் பிள்ளைகள் அப்பா போனில் கேமுக்குள் செலவழிக்கிற ‘டைமண்ட்’ நாணயத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வீடுகளை நினைத்துத்தான் இவ்வளவு கோபமாகப் பேசுகிறேன்.

இப்படிச் செய்யாமல் பிழைக்க முடியாது என்பார்கள். அதே பெல்ஜியத்தைச் சேர்ந்த லாரியன் நிறுவனம் 2023-இல் ‘பால்டர்ஸ் கேட் 3’-ஐ ஒரே விலைக்கு விற்றது. உள்ளே அதிர்ஷ்டப் பெட்டி கிடையாது, நாணயக் கடை கிடையாது. அந்த வருடத்தின் சிறந்த கேம் விருது அதற்குத்தான். ‘ஸ்டார்டியூ வேலி’யை ஒரே மனிதர் உருவாக்கி, 2016-லிருந்து அதே விலைக்குள் புதுப்புது விஷயங்களை இலவசமாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்.

கடைசியாக ஒன்று. யூபிசாஃப்ட் 2014-இல் விற்ற ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேம், தனியாக ஆடினாலும் இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள், காசு கொடுத்து வாங்கியவர்களால் அதற்கப்புறம் ஆடவே முடியவில்லை. சில நாட்களில் அவர்களுடைய உரிமத்தையே கணக்கிலிருந்து ரத்து செய்தார்கள். நான் வாங்கிய கேரம் போர்டைக் கடைக்காரர் பத்து வருடம் கழித்து வீட்டுக்குள் வந்து தூக்கிக்கொண்டு போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதை எதிர்த்துத்தான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் கிளம்பி, ஐரோப்பாவில் அவர்கள் கொடுத்த மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. எதிர்ப்பு கிளம்பிய அதே 2024-லேயே யூபிசாஃப்ட், ‘தி க்ரூ 2’-க்கு இணையம் இல்லாமல் ஆடுகிற வசதி தருவோம் என்று அறிவித்தது. அடுத்து மேடைக்கு வரப்போகிற எதிரணி நண்பரிடம் இது ஒன்றை மட்டும் கேட்கிறேன்: இரண்டாவது கேமுக்குச் செய்ய முடிந்ததை, முதல் கேமுக்குக் காசு கொடுத்தவர்களுக்கு ஏன் செய்யவில்லை? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தன் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.